ஜெபம் பழகாதவர்களுக்கு: கடவுளின் அன்பில் இளைப்பாறத் தொடங்குவது எப்படி?

மனம் உடைந்து கிடக்கும்போது, "ஜெபம் பண்ணுங்க, எல்லாம் சரியாகிடும்" என்று யாராவது சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனால் எப்படி ஜெபிப்பது என்று சொல்லமாட்டார்கள். நாமும் கேட்கமாட்டோம், இதைக்கூடவா போய்க் கேட்பது என்று ஒரு கூச்சம். அப்புறம் இரவில் தனியாக உட்கார்ந்து கண்ணை மூடினால், "ஆண்டவரே" என்ற முதல் சொல்லுக்கு அடுத்த சொல் வராது.

எனக்கு அப்படித்தான் நடந்தது. சிறு வயதிலிருந்தே சபைக்குப் போனவன், மனப்பாட வசனத்துக்குப் பரிசெல்லாம் வாங்கியவன். அப்பா உடம்பு முடியாமல் படுத்திருந்த நாட்களில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஜெபிக்கப் பார்த்தேன். மேடையில் ஜெபிக்கிறவர்களின் நடையில் ஒரு வரி வந்தது: "மகா பரிசுத்தமுள்ள எங்கள் பரலோகப் பிதாவே, இந்த நல்ல வேளைக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம்." அது நல்ல வேளையே இல்லை. அங்கேயே நிறுத்திவிட்டேன்.

அப்படி நின்றுபோனவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள், வெகுநாள் விட்டுவிட்டுத் திரும்ப வருகிறவர்கள், கிறிஸ்தவராக இல்லாமலே இது என்னதான் என்று பார்க்க வந்தவர்கள், யார் வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம். ஜெபத்தில் பல வகை உண்டு. பிறருக்காக மன்றாடுவது, நன்றி சொல்வது, சபையாகக் கூடி ஜெபிப்பது என்று எல்லாவற்றையும் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. கடவுள் என்னை நேசிக்கிறார் என்பதில் போய் உட்கார்ந்து ஆறுதல் பெறுகிற ஜெபம் மட்டும்தான் இங்கே.

கதையில் எது முதலில் வருகிறது?

தொடங்குவதற்கு முன் பைபிளில் லூக்கா 15-ம் அதிகாரத்தை எடுத்து, 11-ம் வசனத்திலிருந்து 24 வரை வாசித்துவிடுங்கள். மூன்று நிமிடம்கூட ஆகாது. கெட்ட குமாரன் கதை. ஊதாரி மைந்தன் என்றும் சொல்வார்கள். தெரிந்த கதைதானே என்று தாண்டிவிட வேண்டாம்.

சொத்தில் தன் பங்கை வாங்கிக்கொண்டு தூரதேசம் போனவன், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பன்றி மேய்க்கிறான். பசி. அங்கே உட்கார்ந்து, வீட்டுக்குப் போனால் அப்பாவிடம் என்ன சொல்வது என்று ஒரு பேச்சைத் தயார் செய்கிறான். அந்தப் பேச்சில் மூன்று பகுதி இருக்கிறது. பாவம் செய்தேன் என்பது ஒன்று. உம்முடைய மகன் என்று சொல்லத் தகுதியில்லை என்பது இரண்டாவது. உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும் என்பது மூன்றாவது.

இப்போது 20-ம் வசனத்தில் உள்ள வினைச்சொற்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். அவன் தூரத்தில் வரும்போதே அப்பா அவனைக் கண்டு, மனதுருகி, ஓடி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, முத்தஞ்செய்தார். ஐந்தும் அப்பா செய்தவை. மகன் செய்தது நடந்து வந்தது மட்டும். அவன் வாயைத் திறப்பதே 21-ம் வசனத்தில்தான். முதல் இரண்டு பகுதியையும் சொல்லிவிடுகிறான். மூன்றாவது, அந்தக் கூலிக்காரன் வரி, வரவே இல்லை. 22-ல் அப்பா வேலைக்காரர்களைப் பார்த்து வஸ்திரம், மோதிரம், பாதரட்சை என்று ஆளை விரட்டிக்கொண்டிருக்கிறார்.

நம்மில் பலருடைய ஜெபம் அந்த மூன்றாவது வரியாகவே இருக்கிறது. "இந்த ஒரு காரியம் மட்டும் முடியட்டும், இனிமேல் தினமும் ஜெபிக்கிறேன்." "எனக்குத் தகுதி இல்லைதான், ஆனாலும் நான் இத்தனை வருஷம் சபைக்கு வந்திருக்கிறேனே." வேலை செய்து கடனை அடைத்துவிடலாம் என்கிற கணக்கு. கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்வரை ஆறுதல் வராது, ஏனென்றால் நம் பக்கத்தில் எப்போதும் பாக்கி இருக்கும். அந்த மூன்றாவது வரியை விட்டுவிட்டு ஜெபிக்கப் பழகுவதுதான் இங்கே சொல்லப்போகும் முறை.

இப்படிக் கணக்குப் பார்க்காமல் நேசிப்பதை "நிபந்தனையற்ற அன்பு" என்பார்கள். அந்தச் சொற்றொடர் பைபிளில் அப்படியே கிடையாது. பழைய ஏற்பாட்டின் எபிரெய மொழியில் 'ஹெசெத்' என்று ஒரு சொல் உண்டு. உறவை விட்டுவிடாத, சோர்ந்துபோகாத அன்பு என்று விரித்துச் சொல்லலாம். தமிழில் அதைப் பெரும்பாலும் 'கிருபை' என்று மொழிபெயர்த்தார்கள். பைபிளில் உள்ள பாட்டுப் புத்தகத்துக்குச் சங்கீதம் என்று பெயர். சங்கீதம் 136-ல் 26 வசனங்கள். ஒவ்வொன்றும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று முடிகிறது. புதிய ஏற்பாட்டில் ரோமர் 5:8, நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார் என்கிறது. நாம் திருந்தியபிறகு என்று அங்கே இல்லை. இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது "நீர் என்னுடைய நேசகுமாரன்" என்று வானத்திலிருந்து சத்தம் வந்ததையும் பாருங்கள். மாற்கு அதை முதல் அதிகாரத்திலேயே எழுதிவிடுகிறார். அதுவரை அந்தச் சுவிசேஷத்தில் இயேசு ஒரு பிரசங்கம் செய்யவில்லை, ஒருவரையும் குணமாக்கவில்லை.

இடம், நேரம், பாஷை

இடம் பற்றி நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை. கதவைப் பூட்டிக்கொள் என்று மத்தேயு 6:6 சொல்கிறது. பூட்ட அறை இல்லாதவர்களுக்கு மொட்டைமாடியோ, எல்லோரும் தூங்கியபின் கிடைக்கும் நேரமோ போதும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். போனை வேறு எங்காவது வைத்துவிடுங்கள். முழங்காலில் நிற்கலாம், நாற்காலியில் உட்காரலாம், படுத்தும் இருக்கலாம். 63-ம் சங்கீதக்காரர் படுக்கையில் இருந்தபடியே கடவுளை நினைத்தார்.

பாஷைதான் தமிழில் கொஞ்சம் சிக்கல். சபைகளில் ஜெபத்துக்கென்றே ஒரு தமிழ் இருக்கிறது: 'கிருபையாய்', 'தயவாய்', 'உம்முடைய சமுகத்தில்'. கேட்கக் கம்பீரமாக இருக்கும். அதிலேயே வளர்ந்தவர்களுக்கு அது இயல்பாக வரும், வரட்டும். கத்தோலிக்க வழியில் வந்தவர்கள் 'செபம்', 'அருள்', 'திருப்பாடல்' என்பார்கள், எல்லாம் ஒன்றுதான். புதிதாக வருகிறவர்கள் இந்த இரண்டு நடையையும் கற்றுக்கொண்டுதான் ஜெபிக்கவேண்டும் என்று இல்லை. வீட்டில் எந்தத் தமிழில் அழுவீர்களோ அந்தத் தமிழிலேயே பேசுங்கள். நீர், நீங்கள், நீ, எது வாயில் வருகிறதோ அது.

இதில் நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. கெத்செமனே தோட்டத்தில் இயேசு ஜெபித்தபோது கடவுளை 'அப்பா' என்று கூப்பிட்டார் (மாற்கு 14:36). அது அவர் பேசிய அரமேய மொழிச் சொல். கிரேக்கத்தில் எழுதியவர்கள் அதை அப்படியே வைத்துப் பக்கத்தில் பொருள் எழுதவேண்டியிருந்தது. தமிழ் வாசகருக்கு அந்த விளக்கம் தேவைப்படுவதே இல்லை.

'அப்பா' என்ற சொல்லே சிலருக்கு வலிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அடித்த அப்பா, குடித்த அப்பா, விட்டுப்போன அப்பா. அப்படியானால் அந்தச் சொல்லை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள். ஏசாயா 49:15-ல் கடவுள் தன்னைத் தாயோடு ஒப்பிட்டு, தாயே மறந்தாலும் நான் உன்னை மறப்பதில்லை என்கிறார். 66:13-ல் தாய் தேற்றுவதுபோல் தேற்றுவேன் என்கிறார். எருசலேமைப் பார்த்து இயேசு, கோழி தன் குஞ்சுகளைச் சிறகின்கீழ் சேர்த்துக்கொள்வதுபோல் உன்னைச் சேர்க்க எத்தனை தரம் மனதாயிருந்தேன் என்றார். மேய்ப்பன், கன்மலை, அடைக்கலம் என்று வேறு சொற்களும் உண்டு. எந்தப் பெயரைச் சொன்னால் உங்கள் தோள் கொஞ்சம் தளர்கிறதோ அதில் தொடங்குங்கள்.

பத்து நிமிடத்தில் என்ன செய்வது

முதல் படி, வந்திருக்கிறேன் என்று சொல்வது. நிதானமாக நாலைந்து மூச்சு விடுங்கள். "அப்பா, வந்திருக்கேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம் ஒரே ஒரு வசனத்தை, முடிந்தால் சத்தமாகச் சொல்லுங்கள். ஆரம்பத்துக்கு சங்கீதம் 103:14 நல்லது: "நம்முடைய உருவம் இன்னதென்று அவர் அறிவார், நாம் மண்ணென்று நினைவுகூருகிறார்." இங்கே எதையும் கேட்கவேண்டாம். நேராக விண்ணப்பப் பட்டியலோடு தொடங்கினால் மனம் உடனே அலுவலக ஜன்னல் முன் நிற்கிற மனமாகிவிடும்.

அடுத்தது, உள்ளதை உள்ளபடி சொல்வது. இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கடவுளிடம் கோபப்படலாமா, சந்தேகத்தைச் சொல்லலாமா, 'எனக்கு உங்கள்மேல் நம்பிக்கை இல்லை' என்று சொன்னால் என்ன ஆகும் என்று பயப்படுகிறார்கள். சங்கீதப் புத்தகத்தில் உள்ள 150 பாட்டுகளில் புலம்பல்தான் மிக அதிகம். 13-ம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள், ஆறே வசனம். "எதுவரைக்கும்" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக் கடவுளையே மடக்குகிறது. 88-ம் சங்கீதம் இன்னும் மோசம், கடைசிவரை விடிவே இல்லாமல் முடிகிறது. யூதர்களும் கிறிஸ்தவர்களும் அதைக் கிழித்து எறியவில்லை, வேத புத்தகத்துக்குள் வைத்து நூற்றாண்டுகளாக வாசித்துவருகிறார்கள். இயேசுவே சிலுவையில் 22-ம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான் கூப்பிட்டுச் சொன்னார்: என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?

ஆகவே அழகுபடுத்தாமல் சொல்லுங்கள். ஒரு மாதிரிக்கு இப்படி:

"அப்பா, வந்திருக்கேன். இன்றைக்கு ஜெபிக்க மனசே இல்லை. காலையில் அவனிடம் கத்தியதை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது. நான் பேசியது தப்புதான். அவன் பேசியதும் தப்பு. வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. இதையெல்லாம் கேட்டுக்கொண்டு இருக்கிறீர்களா என்றுகூடத் தெரியவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்."

இதில் ஸ்தோத்திரம் இல்லை, வசனம் இல்லை, 'ஆமென்'கூட இல்லை. இது முழு ஜெபம். பேச்சே வராவிட்டால் எழுதுங்கள். எழுத்தும் வராவிட்டால் பெருமூச்சு போதும். வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. அழுகை வந்தால் அடக்கவேண்டாம். சங்கீதம் 56:8-ல் தாவீது, என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும் என்கிறார். துருத்தி என்றால் அக்காலத்தில் தண்ணீரும் திராட்சரசமும் எடுத்துப்போன தோல்பை. வனாந்தரத்தில் ஒரு சொட்டும் வீணாகாமல் பத்திரப்படுத்துகிற பாத்திரம் அது.

மூன்றாவது, ஒரு சிறு பகுதியை வாசித்து அசைபோடுவது. 12-ம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற கர்த்தூசியத் துறவி இதை ஓர் ஏணியாகச் சொன்னார்: வாசிப்பது, அசைபோடுவது, பேசுவது, அப்புறம் பேச்சு ஓய்ந்து கடவுளோடு இருப்பது. நீளமாக வாசிக்கவேண்டாம், நாலைந்து வசனம் போதும். எந்தச் சொல் உங்களைப் பிடித்து நிறுத்துகிறதோ அங்கே நின்றுவிடுங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 1 பேதுரு 5:7 மனப்பாடமாகத் தெரிந்த வசனம்: "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்." எத்தனையோ முறை சொன்னதுதான். ஒருநாள் அந்த 'விசாரிக்கிறவர்' என்ற சொல் தடுக்கியது. விசாரிப்பது என்றால் என்ன? வாசலில் நின்று, எப்படி இருக்கே, சாப்பிட்டியா, ஏன் முகம் வாடியிருக்கு என்று கேட்பது. அப்பா படுத்திருந்த அந்த நாட்களில் எல்லோரும் அவரைப் பற்றி என்னிடம் விசாரித்தார்கள். என்னை யாரும் விசாரிக்கவில்லை. அன்றைக்கு அந்தச் சொல்லைத் தாண்டி நான் வாசிக்கவே இல்லை.

நான்காவது, சும்மா இருப்பது. கடினமான படி இதுதான், ஆறுதல் இறங்குவதும் பெரும்பாலும் இங்கேதான். சங்கீதம் 131 மூன்றே வசனம். அதில் தாயின் பால் மறந்த குழந்தை ஒன்று வருகிறது. பால் குடிக்கும் குழந்தை அம்மா மடிக்கு வந்தால் பாலுக்காக முட்டும், அழும். பால் மறந்த குழந்தைக்கு ஒன்றும் வேண்டாம், மடியில் சாய்ந்து கிடக்கும். இரண்டு நிமிடம் அப்படி இருந்து பாருங்கள். மனம் ஓடும். மின்கட்டணம் ஞாபகம் வரும், நேற்று ஒருவர் சொன்ன குத்தல் ஞாபகம் வரும். ஓடட்டும்; திட்டாமல் கூட்டிவாருங்கள். கூட்டிவர ஒரு சொல்லை வைத்துக்கொள்வது நல்லது: 'அப்பா' அல்லது 'இயேசுவே'. கிழக்கத்திய மரபுவழித் திருச்சபைகளில், "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவகுமாரனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்" என்ற ஒரே வரியை மூச்சோடு சேர்த்துச் சொல்லும் பழக்கம் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது.

வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்று இயேசு சொன்னாரே, திரும்பத் திரும்பச் சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். அதிகம் பேசினால்தான் கடவுள் கேட்பார் என்ற நினைப்பைத்தான் அவர் அங்கே கண்டித்தார். கெத்செமனேயில் அவரே மூன்றாம்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்ததாக மத்தேயு 26:44 சொல்கிறது.

ஐந்தாவதாகத்தான் கேட்பது. கடைசியில் வருவதால் முக்கியம் குறைந்தது என்று நினைக்கவேண்டாம். கேளுங்கள், கூசாமல் கேளுங்கள். ஆனால் கேட்டது கிடைப்பதும் ஆறுதல் கிடைப்பதும் வேறு வேறு. அன்னாளின் கதையில் இது தெளிவாகத் தெரியும் (1 சாமுவேல் 1). பிள்ளை இல்லாத அன்னாள் ஆலயத்தில் அழுது ஜெபிக்கிறாள். உதடு மட்டும் அசைகிறது, சத்தம் வரவில்லை. ஆசாரியன் ஏலி பார்த்துவிட்டு, குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கண்டிக்கிறார். (ஜெபித்ததற்குச் சபைப் பெரியவரிடம் திட்டு வாங்கிய முதல் ஆள் இவளாகத்தான் இருக்கும்.) இல்லை, என் இருதயத்தை ஊற்றிவிட்டேன் என்கிறாள். ஏலி ஆசீர்வதித்து அனுப்புகிறார். போய்ச் சாப்பிட்டாள், "அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை" என்று 18-ம் வசனம் சொல்கிறது. அப்போது அவள் கையில் குழந்தை இல்லை. ஊற்றிவிட்டதிலேயே முகம் மாறியிருக்கிறது.

முடிப்பதற்கு, இயேசு தம் சீடர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பரமண்டல ஜெபம் போதும். வேகமாக ஒப்பிக்காமல், "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்பதற்குப் பிறகு ஒரு மூச்சு விட்டுத் தொடருங்கள். சொந்தச் சொற்கள் தீர்ந்துபோன நாட்களில் இது ஒன்றே முழு ஜெபமாகவும் இருக்கலாம்.

ஒன்றுமே உணர முடியவில்லை என்றால்?

உணராத நாட்கள் வரும், வாரக்கணக்கில்கூட வரும். உங்களிடம் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டவேண்டாம். அன்னை தெரசா 1997-ல் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து அவருடைய தனிப்பட்ட கடிதங்கள் வெளியானபோது, ஏறக்குறைய 50 ஆண்டுகள் கடவுளின் பிரசன்னத்தை உணராமலேயே அவர் ஜெபித்துவந்தது உலகத்துக்குத் தெரிந்தது. பலர் அதிர்ந்தார்கள். எனக்கு என்னமோ அது பெரிய நிம்மதியாக இருந்தது. உணர்ச்சி வரும், போகும். ரோமர் 8:38, 39-ல் பவுல், மரணமோ ஜீவனோ நிகழ்காரியமோ வருங்காரியமோ நம்மைத் தேவனுடைய அன்பைவிட்டுப் பிரிக்கமாட்டாது என்று பட்டியல் போடுகிறார். அந்தப் பட்டியலுக்குள் உங்கள் வறட்சியும் அடங்கும்.

விசுவாசமே போதவில்லை என்று தோன்றினால் மாற்கு 9:24-ல் ஒரு தகப்பன் சொன்னதைக் கடன் வாங்குங்கள்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." பாதி விசுவாசத்தோடு வந்தவன்தான். அவனுடைய பிள்ளை அன்றே சுகமானது.

குற்ற உணர்ச்சி வேறு வகை. தப்பு செய்துவிட்டு எந்த முகத்தோடு ஜெபிப்பது? தப்பைத் தப்பு என்று பெயர் சொல்லி ஒருமுறை அறிக்கையிடுங்கள். 1 யோவான் 1:9 மன்னிப்பைத் தெளிவாக வாக்களிக்கிறது. அதையே நாற்பது நாள் திரும்பத் திரும்ப அறிக்கையிட்டுக்கொண்டிருந்தால் பழைய கூலிக்காரன் பேச்சுக்குத்தான் போகிறோம். இருதயம் குற்றவாளி என்று தீர்த்தாலும், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவர் என்கிறது அதே நிருபத்தின் (கடிதத்தின்) 3:20. அதற்காக, மன்னித்துவிட்டாரே என்று பிறருக்குத் தரவேண்டியதைத் தராமல் இருந்துவிட முடியாது. வரி வசூலிக்கிறவனான சகேயுவின் வீட்டில் நடந்ததைப் பாருங்கள் (லூக்கா 19). இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்று இயேசு முதலில் சொல்லிவிடுகிறார். அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று சகேயு சொல்வது அதற்குப் பிறகு. அங்கேயும் அன்புதான் முந்துகிறது. ஆனால் பணமும் திரும்பிப் போகிறது.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். யாராவது உங்களைத் துன்புறுத்திக்கொண்டிருக்கும்போது, கடவுள் நேசிக்கிறார், பொறுத்துக்கொள் என்று யாராவது சொன்னால் அதைக் கேட்காதீர்கள். ஆறுதல் வேறு, ஆபத்தில் அடைத்துவைப்பது வேறு.

உடம்பையும் பாருங்கள்

எலியா பெரிய தீர்க்கதரிசி. பெரிய வெற்றி கிடைத்த கையோடு உயிருக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார் (1 இராஜாக்கள் 19). கடவுள் பிரசங்கம் பண்ணவில்லை, விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. எலியா தூங்குகிறார். ஒரு தூதன் தட்டி எழுப்பி, சாப்பிடு என்கிறான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் தூங்குகிறார். இரண்டாம் முறையும் தட்டி எழுப்பிச் சாப்பாடு. கடவுள் மெல்லிய சத்தத்தில் அவரோடு பேசுவதெல்லாம் நாற்பது நாள் கழித்து.

தூக்கமில்லை, பசியில்லை, வாரக்கணக்காக எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் ஜெபத்தோடு மருத்துவரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. எலியா கேட்டதைப் போல உயிரை எடுத்துக்கொள்ளும் என்ற எண்ணம் வந்தால், தனியாக உட்கார்ந்து ஜெபித்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். இன்றைக்கே, இப்போதே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி உதவி கேளுங்கள்.

உதவி கேட்கும் அளவுக்கு நெருக்கடி இல்லாத நாட்களிலும் ஒருவராவது கூட இருப்பது நல்லது. பெரிய ஜெபக்குழு வேண்டியதில்லை. "இன்றைக்கு எனக்காக ஜெபிக்க முடியவில்லை, நீங்கள் கொஞ்சம் ஜெபியுங்கள்" என்று கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய ஒரு ஆள். நீங்கள் சொன்னதை அடுத்தநாள் ஜெபக்குறிப்பாக ஊர்முழுக்க அனுப்பிவைக்கிறவராக அவர் இருக்கக்கூடாது.

முதல் இரண்டு வாரம்

முதல் வாரம் முழுக்க லூக்கா 15:11-24 ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். தினம் ஒரு புதுப் பகுதி என்று ஓடினால் தகவல் சேரும், அசைபோட நேரம் இருக்காது. ஒருநாள் தூரதேசத்தில் உட்கார்ந்திருக்கும் மகனாக, ஒருநாள் நடந்து வருகிறவனாக, ஒருநாள் அந்த முத்தம் வாங்குகிறவனாக வாசியுங்கள். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்து சரிக்கட்டவேண்டாம். மறுநாள் பத்து நிமிடம்தான்.

பகல் வேலையில் ஜெபம் கலைந்துபோகிறது என்பவர்களுக்கு 17-ம் நூற்றாண்டில் பாரிசில் வாழ்ந்த சகோதரர் லாரன்ஸ் நல்ல துணை. அவர் ஒரு கார்மேல் மடத்தின் சமையலறையில் வேலை செய்தவர். பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் அவர் கடவுளோடு பேசிக்கொண்டே இருப்பாராம். பாத்திரம் கழுவும்போது, வரிசையில் நிற்கும்போது, காலையில் பிடித்து நிறுத்திய அந்த ஒரு சொல்லை மனதுக்குள் திரும்பக் கொண்டுவந்தால் போதும்.

இரண்டாம் வாரத்துக்கு 25-ம் வசனத்திலிருந்து 32 வரை. அதில் மூத்த மகன் வருகிறான். எங்கும் போகாமல் வீட்டிலேயே இருந்து உழைத்தவன், விருந்துச் சத்தம் கேட்டதும் உள்ளே வர மறுத்து வெளியே நிற்கிறான். "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து" என்றுதான் அவன் பேச்சு தொடங்குகிறது. தம்பி சொல்லாமல் விட்ட கூலிக்காரன் வரியை இவன் சொல்கிறான். அப்பா அவனைத் தேடியும் வெளியே வந்து, "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்கிறார். என்னைப் போல மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கி வளர்ந்தவர்கள் இந்தப் பகுதியில் ஒரு வாரத்துக்குமேல் தங்கினாலும் தவறில்லை. அவன் உள்ளே போனானா இல்லையா என்று லூக்கா எழுதவில்லை.